பதினொன்று குறைகிறது

ஆபரேஷன் தியேட்டரில் அவளை எல்லோரும் எண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணுகிற அக்கா என்பது நாளடைவில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து இருபத்தொன்பது வருஷம். நோயாளியின் வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் தட்டிலுள்ள கத்தரி, இடுக்கி, ஊசி, ரத்தம் ஒற்றுகிற துணித் துண்டு எல்லாவற்றையும் எண்ணி, சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் எழுதுவது அவள் பொறுப்பு. மூடுவதற்கு முன்னால் மறுபடி எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் டாக்டர் தையல் போடலாம்.

ஒருமுறை ஒரு துணித் துண்டு குறைந்தது. பெரிய டாக்டர் முன்கோபக்காரர். கையில் ஊசியோடு நின்றுகொண்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கும், விடும்மா" என்றார்.

"ஒண்ணு குறையுது டாக்டர்."

"நான்தான் உள்ள பார்த்துட்டேனே!"

"ஒண்ணு குறையுது டாக்டர்" என்றாள் மறுபடியும், அதே குரலில், ஒரு சுருதிகூட ஏறாமல்.

இருபது நிமிஷம் தேடினார்கள். டாக்டர் ஏறி நிற்கிற மரப்படிக்கு அடியில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் நன்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எண்ணக்கா தலையை ஆட்டாமல் அவர் தையல் ஊசியைத் தொட்டதில்லை.

அவளுடைய வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கணவருக்கு நாலு கட்டடம் தள்ளி முடிதிருத்தும் கடை. கத்தரியைவிட அவர் வாய் வேகமாக ஓடும் என்பதால் அந்தப் பக்கத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வாயால் சொல்லித் தீராததை ஃபோனில் படமாக எடுத்து வைப்பார். மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போனபிறகு இந்தப் பழக்கம் இன்னும் முற்றிவிட்டது.

படங்களையெல்லாம் முன்பு இணையத்தில் ஒரு நிறுவனத்தின் சேமிப்பில் போட்டு வைத்திருந்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன் ஒருநாள், கடையை மூடுகிறோம், முப்பது நாளைக்குள் உங்கள் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நிறுவனம் கடிதம் போட்டது. இருவரும் உட்கார்ந்து எடுத்தார்கள். வந்தது வந்தது, வராதது வரவில்லை. எவ்வளவு வரவில்லை என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் யாரும் முன்னால் எண்ணி வைக்கவில்லை. எண்ணக்காவால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

"எத்தனை போச்சுன்னு தெரிஞ்சாக்கூட மனசு ஆறிடும்ங்க. அதுவும் தெரியலையே" என்று ஒரு வாரம் புலம்பினாள்.

ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் அப்போது கழித்துக்கட்டிய பெட்டி ஒன்றை அவளிடம் கொடுத்தார். "இதுல வீட்டு சர்வர் போட்டுக்கலாம் சிஸ்டர். உங்க படம் உங்க வீட்டுலயே இருக்கும், ஃபோன்ல இருந்து எப்ப வேணா பாக்கலாம். மென்பொருளுக்குக் காசு கிடையாது, ஊர் ஊரா உக்காந்து சும்மா எழுதறாங்க. ஆனா ஒண்ணு, கெட்டுப்போனா நீங்கதான் பாத்துக்கணும்."

"பாத்துக்கிட்டாப் போச்சு" என்றாள். அன்றைக்கு அவளுக்குக் கணினியில் தெரிந்ததெல்லாம் லீவு விண்ணப்பம் போடுவதுதான். ஆறு மாதம் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டாள். பெட்டி தையல் மிஷினுக்குப் பக்கத்துப் பலகையில் ஏறி உட்கார்ந்தது.

நாத்தனாருக்கு விஷயம் போனபோது அவள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். "வீட்டுக்கே சர்வர் வச்சுட்டீங்களாம்? நீங்க ரெண்டு பேர்தானே அண்ணி, தட்டு எடுத்து வைக்க ஆள் வேணுமா? சம்பளம் எவ்ளோ?" இதே நாத்தனார் சிறுமியாக இருந்தபோது, வரப்போகிற அண்ணி தியேட்டரில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, இனி ஓசியில் படம் பார்க்கலாம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள்.

வீடு பற்றிக்கொண்டால் பெட்டியும் போய்விடுமே என்பதால் படங்களின் இன்னொரு நகல் இரண்டு தெரு தள்ளி நாத்தனார் வீட்டில், ஃபிரிஜ் மேல் ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. அதில் ஒரே ஒரு சங்கடம். நாத்தனார் அதைத் திறந்து திறந்து பார்ப்பாள். "அண்ணி, போன மாசம் அந்தப் பச்சைப் புடவை எப்ப எடுத்தீங்க? சொல்லவே இல்லையே!" என்று ஃபோன் வரும்.

அதனால்தான் அந்த மென்பொருளின் ஐந்தாம் பதிப்பு வரப்போகிறது என்ற செய்தி எண்ணக்காவுக்குச் சர்க்கரையாக இனித்தது. மூன்று வருஷம் கழித்து வருகிற பெரிய பதிப்பு. அதன் முக்கியமான விஷயமே பூட்டுதான். வேறு இடத்தில் வைக்கும் நகலில் படங்களும் அவற்றின் பெயர்களும் புரியாத எழுத்தாக மாறிப் பூட்டப்பட்டுவிடும். சாவி வீட்டுக்காரரிடம் மட்டும். பெட்டியை வைத்திருப்பவர் தலைகீழாக நின்றாலும் எதையும் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை வெளியீடு. அதற்கு முன் முன்னோட்டப் பதிப்பை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்று எல்லோரையும் கேட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணக்கா ஒரு பழைய மடிக்கணினியில் முன்னோட்டத்தை ஏற்றினாள். தங்கள் படங்களை அதில் போட்டு, எண்ணிக்கையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பத்தாறு. பூட்டிய நகல் ஒன்று எடுத்தாள். பிறகு மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் அழித்தாள். அசல் பத்திரமாகப் பலகைமேல் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்தும், ஒருமுறை எழுந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னாள்.

மதியம் திரையில் பச்சை நிறத்தில் வந்தது: எல்லாம் வெற்றிகரமாக மீட்கப்பட்டன.

எண்ணினாள். பதினெட்டாயிரத்து இருநூற்று முப்பத்தைந்து.

"பதினொண்ணு குறையுது" என்றாள்.

ரேடியோ வாசலில் உட்கார்ந்து கத்தரிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "பதினெட்டாயிரத்துல பதினொண்ணா? யானைப் பசிக்குச் சோளப்பொரி. விடேன்."

அவள் விடவில்லை. ஆளுக்கொன்றாகப் பிரித்து வைத்திருந்த கோப்புறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். மகளுடைய உறை சரி. தன்னுடையது சரி. கடைசியில் ஒரே ஓர் உறையில் வந்து நின்றது.

"உங்களோடதுல குறையுது. பதினொண்ணும் உங்களோடது."

எண்ணெய்க் கிண்ணம் தரையில் உருண்டது. "எல்லாமே என்னோடதா? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

பட்டியலை வைத்துக்கொண்டு அவள் அசல் பெட்டியில் உள்ள பெயர்களைப் படிக்க, அவர் மடிக்கணினியில் தேடினார். ரேடியோ எடுத்த படங்கள் பெரும்பாலும் ஃபோன் வைத்த எண்களோடு அப்படியே கிடக்கும். மனதுக்குப் பட்டவற்றுக்கு மட்டும் அவரே பெயர் வைப்பார். அந்தப் பெயர்கள் வாய்க்குத் தகுந்த நீளத்தில் இருக்கும். காணாமல்போன முதல் கோப்பின் பெயர்: 'தங்கச்சி நாப்பத்திரண்டு வயசுல சைக்கிள் கத்துக்கிட்டு நேராப் போய் தபால்பெட்டி மேல மோதின நாள்'. அடுத்தது: 'மகள் ஊருக்குப் போறப்ப பஸ் ஜன்னல்ல கை காட்டிக்கிட்டே இருந்தது பஸ் திரும்பின பிறகும் நான் எடுத்துக்கிட்டே இருந்தேன்'.

ஏழாவது பெயரைப் படிக்க ஆரம்பித்த எண்ணக்கா பாதியில் நிறுத்தினாள். பிறகு மெதுவாக முழுக்கப் படித்தாள். 'இவ வேலை முடிஞ்சு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம நாற்காலியிலயே தூங்கிட்டா எழுப்ப மனசு வரல'.

"இது எப்ப எடுத்தீங்க?"

"அது இருக்கும் ஒரு நாலு வருஷம்." ரேடியோ எழுந்துபோய் உருண்ட எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தார்.

அவள் அந்தப் படத்தை அசல் பெட்டியில் திறந்து பார்த்தாள். நாற்பது நொடி ஓடுகிற வீடியோ. தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு கால் செருப்போடு நீட்டிக்கொண்டு அவள் தூங்குகிறாள். ஜன்னல் திரை அசைகிறது. படம் எடுப்பவரின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. வாய் ஓயாத மனிதர் நாற்பது நொடி ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருக்கிறார். பச்சை எழுத்தை நம்பி அசலையும் அழித்திருந்தால், இது இருந்தது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம், குறைகளைத் தெரிவிக்கும் பக்கத்தில் தன் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள். செவ்வாய்க்கிழமை ஒரு தன்னார்வலர் பதில் எழுதினார். நான் செய்து பார்த்தேன், எனக்கு எல்லாக் கோப்பும் திரும்ப வருகிறது, உங்கள் கணினியின் சேமிப்பு வட்டு பழுதாக இருக்கலாம். அதோடு அவள் புகாரின்மேல் 'முடிந்தது' என்று முத்திரை குத்தி மூடிவிட்டார். கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்: பெயரைச் சுருக்கி வைத்துப் பாருங்களேன்.

ரேடியோ அதைப் பார்த்துவிட்டார். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மடிக்கணினி வழியாக அசல் பெட்டியைத் திறந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பேரைச் சுருக்கறேன். சைக்கிள்னு போட்டாப் போதாது? பஸ்ஸுன்னு போட்டாப் போதாது? என்னால உனக்கு எதுக்கு அவங்களோட மல்லுக்கு நிக்கிற வேலை?"

"கையை எடுங்க" என்றாள் எண்ணக்கா. தியேட்டர் குரல். அவர் கையை எடுத்துவிட்டார். "பேர் வச்சது நீங்க. வாங்கி வச்சுக்கிட்டு முழுங்கினது அது. முழுங்கினதும் இல்லாம எல்லாம் வந்துடுச்சுன்னு பச்சைக்கொடி காட்டுது. நீளமாப் பேர் வைக்கக் கூடாதுன்னா முதல்லயே சொல்லட்டும். வாயை மூடிக்கிட்டு ஏன் விழுங்குது?"

புதன்கிழமை காலை நேர வேலை முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவள் நேராக மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். ஒரு வெற்றுக் கோப்புக்கு 'க' என்று பெயர் வைத்தாள். பூட்டினாள், மீட்டாள், வந்தது. 'கக' என்று வைத்தாள், வந்தது. ஓரோர் எழுத்தாக ஏற்றிக்கொண்டே போனாள். நாற்பத்தேழு 'க' வரை வந்தது. நாற்பத்தெட்டாவது சேர்ந்ததும் கோப்பு மாயமானது. பச்சை எழுத்து மட்டும் ஒழுங்காக வந்தது. அடுத்து ஆங்கில எழுத்தில் அதே வேலை. அதில் நூற்று நாற்பதைத் தாண்டிய பிறகுதான் மறைந்தது.

அப்போது அவளுக்கு விஷயம் பிடிபட்டது. கணினிக்குள் ஆங்கில எழுத்து ஒரு இடம் பிடித்தால் நம்முடைய எழுத்து மூன்று இடம் பிடிக்கும் என்று எப்போதோ படித்திருந்தாள். பூட்டும்போது பெயர் இன்னும் ஊதும். ஊதிய பெயர் வட்டின் வரம்புக்குள் அடங்காவிட்டால் மென்பொருள் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறது. ஆங்கிலத்தில் நூற்று நாற்பது எழுத்துக்குமேல் பெயர் வைக்கிறவர் எத்தனை பேர்? சோதித்தவர்கள் யார் கண்ணிலும் படாததில் ஆச்சரியம் இல்லை.

இதையெல்லாம் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டு எழுதினாள். நாற்பத்தேழு 'க' கொண்ட கோப்பையும் நாற்பத்தெட்டு 'க' கொண்ட கோப்பையும் சேர்த்து அனுப்பினாள். கடைசியில் ஒரு வரி: 'நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எண்ணிக்கை குறையும்போது எல்லாம் சரி என்று எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. உங்களுக்கு இருக்கிறதா?'

அனுப்பியபிறகு, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தாள்.

வியாழக்கிழமை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆபரேஷன். ஃபோன் பெட்டகத்துக்குள் கிடந்தது. இரண்டு மணிக்குக் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து திறந்தால் அறுபத்துநாலு செய்திகள். உட்கார இடம் தேடி, அழுக்குத் துணிக்கூடையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

முதல் செய்தி, அந்த மென்பொருளின் முதல் வரியை எழுதி இன்றுவரை அதை நடத்துகிற தலைமைப் பொறியாளரிடமிருந்து. 'நீங்கள் அனுப்பிய இரண்டு கோப்புகளையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. நீங்கள் சொன்னது சரி. நாளை வெளியிடவில்லை.' அதற்குக் கீழே யார் யாரோ. ஆங்கிலம் அல்லாத வேற்று எழுத்தில் எழுதுகிறவர்கள் பலர் தங்கள் நகலை அப்போதுதான் எண்ணிப் பார்த்திருந்தார்கள். ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு இருநூற்றுச் சொச்சம் குறைந்தது. ஒரு மருந்துக்கடைக்காரருக்கு ஒன்பது. புகாரை மூடிய தன்னார்வலரும் வந்து, தாம் ஆங்கிலப் பெயர்களை மட்டுமே வைத்துப் பார்த்ததாகவும், வெட்கமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பாவம், நல்ல பையனாகத்தான் இருப்பான் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை தலைமைப் பொறியாளர் இரண்டு விஷயம் கேட்டார். மீட்டு முடித்ததும் திரையில் என்ன காட்டினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்பது ஒன்று. எண்ணக்கா யோசிக்கவே இல்லை. 'நகலுக்குள் போனது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் சிவப்பு.' அப்படியே செய்துவிட்டார்கள். இனிமேல் ஒவ்வொரு பதிப்பையும் சோதிக்கும்போது பயன்படுத்த நிஜமான நீளப் பெயர் ஒன்று தருவீர்களா என்பது இன்னொன்று.

தபால்பெட்டிதான் பொருத்தம் என்று ரேடியோ சொன்னார். சம்பந்தப்பட்டவளிடம் கேட்க வேண்டுமே. நாத்தனாருக்கு ஃபோன் போட்டார்கள்.

"நான் விழுந்ததை உலகம் பூராச் சொல்லப்போறீங்களா அண்ணி?"

"படம் போகாதுடி. பேரு மட்டும்தான்."

"அதைப் படிச்சா அவங்களுக்குப் புரியுமா?"

"நம்ம பாஷை அங்க யாருக்கும் தெரியாது."

"அப்ப சரி" என்றாள் நாத்தனார். ஒரு நிமிஷம் கழித்து, "நாப்பத்திரண்டுங்கறதை மட்டும் முப்பத்தஞ்சுன்னு மாத்திடுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. உதவியவர்கள் பட்டியலில் இருநூறு பெயர்களுக்கு நடுவே எண்ணக்காவின் புனைபெயரும் இருந்தது. அவள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினாள். அவளுக்கு இன்னும் பாதி வேலை பாக்கி. இதுவரை ஓட்டியது ஒத்திகை. இனி அசல் பெட்டியில் ஏற்ற வேண்டும், நாத்தனார் வீட்டு நகலைப் பூட்ட வேண்டும். ஏறிவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தாள். காலண்டர் தாளில் எழுதிய எண்ணிக்கை மாறக் கூடாதென்று இத்தனை நாளும் பெட்டியில் புதுப் படம் எதையும் ஏற்றவில்லை. ரேடியோ கடையைத் திறக்கவில்லை. "நான் பேசவே மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் "ஆச்சா?" என்றார். பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தது. திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் காலண்டர் தாளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். புதிய பதிப்பின் முகப்பு வந்தது. நகல் எடுக்கச் சொன்னாள். பூட்டியது. பிறகு, நகலிலிருந்து முழுவதையும் மடிக்கணினிக்கு மீட்கச் சொன்னாள். பன்னிரண்டரை ஆனது.

போனது 18,246. வந்தது 18,246.

அவள் திரையை நம்பாமல், தானும் ஒருதரம் எண்ணிக்கை எடுத்தாள். ரேடியோவின் உறையைத் திறந்து, பதினொரு பெயர்களையும் விரல் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தலையை ஆட்டினாள்.

"அப்பாடா!" என்று ரேடியோ போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். எண்ணக்கா நாற்காலியில் சாய்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். இரண்டு வாரமாகத் தோள்பட்டையில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதுபோல் இருந்தது. பயங்கரமாகப் பசித்தது. மூன்று நாள் பசியைச் சேர்த்துவைத்தவள்போல் சாப்பிட்டாள். சாப்பிடும்போது நடுவில் நாத்தனாரின் ஃபோன்.

"அண்ணி, இந்தப் பெட்டிக்கு என்ன ஆச்சு? எதைத் திறந்தாலும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தா வருது!"

"பூட்டியாச்சு."

"எதுக்கு?"

"பத்திரத்துக்கு."

"என்கிட்டயா?" என்றாள் நாத்தனார். பிறகு குரலை இறக்கி, "சரி, அந்தத் தபால்பெட்டிப் படத்தை மட்டும் எனக்கு ஒண்ணு அனுப்புங்க. நான் ஓட்டினது நல்லாத்தான் இருந்துச்சு, கடைசில மட்டும்தான்" என்றாள்.

மறுநாள் ரேடியோ கடையைத் திறந்தார். அடக்கி வைத்ததெல்லாம் அன்றைக்கு ஒலிபரப்பாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம், கழுத்தில் துணி கட்டிய கையோடு, தன் மனைவி எப்படி ஒரு பெரிய வெளியீட்டைத் தடுத்து நிறுத்தினாள் என்று சொன்னார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது.

அந்த வாரக் கடைசியில் வார்டில் ஒரு நோயாளியின் மனைவி எண்ணக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே சிஸ்டர் அது? எங்க வீட்டுக்காரர் முடி வெட்டிக்கப் போனப்ப கேட்டுட்டு வந்தாரு. உலகம் பூராவும் கம்ப்யூட்டரை ஒரு மாசம் நிறுத்தி வச்சீங்களாமே?"

"நாலு நாள்மா" என்றாள் எண்ணக்கா. "வெள்ளிக்கிழமை வர வேண்டியது செவ்வாய்க்கிழமை வந்துச்சு. நாலே நாள்தான்."